தண்ணி காட்டுறது

பாட்டிலில் தண்ணீர் நிறைய இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

டொராண்டோவுக்குப் படிக்க வந்த இரண்டாவது கோடை அது. என்னோடு பேஸ்மென்ட் வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த தோழிக்கு வான்கூவரில் நான்கு மாத வேலைப்பயிற்சி கிடைத்தது. அவள் வளர்த்த சின்சில்லாவை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நானும் சரி என்று தலையாட்டினேன். நாய், பூனை என்றால் யோசித்திருப்பேன். கூண்டுக்குள் இருக்கும் அரைக்கிலோ பிராணி, இதில் என்ன பெரிய வேலை இருந்துவிடப்போகிறது என்று ஒரு நினைப்பு.

சின்சில்லாவைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? முயலின் முகம், அணிலின் வால், எலியின் மீசை. சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப்பொதி. ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட முடிகள் முளைத்திருக்கும். அவ்வளவு அடர்த்தியானது நனைந்தால் லேசில் காயாது. அதனால் தண்ணீரில் குளிக்காது, மெல்லிய தூளில் புரண்டு எழுந்து உதறிக்கொள்ளும். பகல் முழுக்கத் தூங்கிவிட்டுச் சாயங்காலம் எழுந்துகொள்ளும். இதற்குப் பெயர் பெப்பர். வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

"மிளகா? பேரு நல்லாருக்கு. ஆனா இது எலிதானடி?"

தோழி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். காய்ந்த டிமோத்தி புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும், அதற்கு அளவே கிடையாது. புல்லை அரைத்துச் செய்த குச்சித்தீவனம் நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி. தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு: பழம், கொட்டை, விதை, பிஸ்கட் எதுவும் கூடாது.

நான் மன்னார்குடிக்காரி. கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்புகிற வீட்டில் வளர்ந்தவள். வருஷம் முழுக்க காய்ந்த புல், தண்ணீர், காய்ந்த புல், தண்ணீர். படிக்கப் படிக்க எனக்கு அது சாப்பாட்டுக் குறிப்பு மாதிரியே தெரியவில்லை, தண்டனை மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம், பாயசத்துக்கு வாங்கி வைத்திருந்த உலர்திராட்சையில் ஒன்றை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினேன். பெப்பர் அதை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி உட்கார்ந்து, கண்ணை மூடி மூடித் திறந்து தின்றது. அதைப் பார்த்த பிறகு யாரால் நிறுத்த முடியும்? மறுநாளும் கொடுத்தேன். நான் கூண்டுப் பக்கம் வந்தாலே ஓடிவர ஆரம்பித்தது. என்னைத் தேடித்தான் வருகிறது என்று நம்பினேன். மாதக் கடைசியில் அது நாளைக்கு மூன்று திராட்சை ஆகியிருந்தது.

அந்தத் தாளில் ஏன் அப்படி எழுதியிருந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான். முன்பே படித்திருக்கலாம். படிக்கவில்லை.

சின்சில்லாவின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். இன்று காட்டில் மிஞ்சியிருப்பதில் முக்கியமான கூட்டங்கள் சிலே நாட்டில் இருக்கின்றன. மழை குறைவான, கல்லும் கள்ளியுமான சரிவுகள். முரட்டுப் புல், புதர், மரப்பட்டை, இவைதான் அங்கே சாப்பாடு. தண்ணீரைக்கூடப் பெருமளவு செடிகளின் ஈரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். சத்து குறைந்த, நார் மிகுந்த அந்தச் சாப்பாட்டுக்காகவே உடம்பு முழுவதும் அமைந்திருக்கிறது. பற்கள் ஆயுசு முழுக்க வளரும். முன்பல் மட்டுமில்லை, கடைவாய்ப்பல்லும் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்றால்தான் அவை தேயும். தேயாவிட்டால் ஓரம் கூராகி நாக்கைக் குத்தும், வேர் தாடை எலும்புக்குள் நீளும். மோவாய் எச்சிலில் நனைந்து கிடந்தால் பல்லில் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். முன்பல் ஆரஞ்சு நிறமாக இருந்தால் ஆரோக்கியம். நமக்கு நேர்மாறு, வெள்ளையாக இருந்தால் கவலைப்பட வேண்டும்.

வயிறும் அப்படித்தான். சிறுகுடல் முடிகிற இடத்தில் ஒரு பெரிய பை. அதற்குள் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைக்கின்றன. அங்கே உருவாகிற மெத்தென்ற ஒருவகைப் புழுக்கையைச் சின்சில்லா மறுபடி தின்று விட்டுப்போன சத்தையும் எடுத்துக்கொள்ளும். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் குடல் அசையும். சர்க்கரை போனால் அங்கே வேண்டாத கிருமிகள் பெருகி வாயு கட்டும். வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது. உள்ளே போனது எதுவானாலும் முழு வழியையும் கடந்துதான் வெளியே வர வேண்டும்.

அந்த மெத்தென்ற ரோமமே அதற்கு வினையாகிவிட்டது. ஒரு நீளமான கோட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் தேவைப்பட்டன. வேட்டையாடி வேட்டையாடி இனமே அழியும் நிலை வந்து, 1910ல் சிலே, அர்ஜென்டினா, பொலிவியா, பெரு நாடுகள் ஒப்பந்தம் போட்டுத் தடுக்கப் பார்த்தன. 1923ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 11 சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். உயரத்திலிருந்து ஒரேயடியாக இறக்கினால் தாங்காது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிப் பழக்கினாராம். அவர் வளர்த்ததும் ரோமத்துக்காகத்தான். இன்று வீடுகளில் இருக்கும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வம்சம் என்கிறார்கள். காட்டில் மிஞ்சியவற்றுக்காக 1983ல் சிலேயின் இயாபெல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சரணாலயம் அமைத்தார்கள்.

ஆக, பெப்பரின் குடும்பம் மலையை விட்டு வந்து நூறு வருஷம் ஆகிறது. பிறந்தது கூண்டில், வளர்ந்தது பேஸ்மென்டில். வயிறு மட்டும் இன்னும் அந்த மலைச்சரிவிலேயே இருக்கிறது. கனடாவுக்கு வந்த பிறகும் ரசம் சாதம் சாப்பிட்டால்தான் தூக்கம் வருகிற எனக்கு இது உடனே புரிந்திருக்க வேண்டும்.

ஜூன் கடைசி வாரம். பகுதிநேர வேலை முடிந்து தினமும் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவேன். கூண்டைப் பார்ப்பேன். புல் கூடை நிறைந்திருக்கும். கிண்ணத்தில் தீவனம் இருக்கும். பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும். ஒரு திராட்சையை நீட்டுவேன், வாங்கிக்கொள்ளும். அப்பாடா, எல்லாம் நிறைவாக இருக்கிறது என்று என் சாப்பாட்டைச் சூடுபண்ணப் போய்விடுவேன். தண்ணீரை மாற்றவில்லை. குறையாத தண்ணீரை எதற்கு வீணாகக் கொட்டுவது?

மூன்றாவது நாள் திராட்சையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூலையில் முதுகை வளைத்து, காதைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தது. கூண்டின் அடித்தட்டை இழுத்தேன். எப்போதும் பருமனான அரிசி மாதிரி நூற்றுக்கணக்கில் கிடக்கும் புழுக்கை, அன்றைக்கு எண்ணிவிடலாம் போல இருந்தது. ஒவ்வொன்றும் சீரகம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. என்ன தோன்றியதோ, தண்ணீர்க் குழாயின் நுனியில் விரலை வைத்தேன். விரல் நனையவில்லை.

இந்தப் பாட்டிலைக் கூண்டின் கம்பியில் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். கீழே ஒரு எஃகுக் குழாய், அதன் நுனியில் ஒரு சின்னக் குண்டு. நாக்கால் குண்டை உருட்டினால் ஒரு சொட்டு இறங்கும், பாட்டிலுக்குள் ஒரு காற்றுக்குமிழ் மேலே போகும். கிண்ணத்தில் வைத்தால் கவிழ்த்துவிடும், புழுக்கை விழும், ரோமம் நனையும் என்பதற்காக இந்த ஏற்பாடு. குண்டைச் சுற்றித் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து இறுகியிருந்தது. நகத்தால் அழுத்தினேன். அசையவில்லை.

மூன்று நாள். நிறைந்த பாட்டிலுக்குக் கீழே அது மூன்று நாள் நாக்கை வைத்துப் பார்த்திருக்கிறது.

ஒரு சாஸரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தலையைக் கவிழ்த்துக் குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை, சமையலறைக்குப் போய்விட்டேன்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் சின்சில்லாவைப் பார்ப்பதில்லை. மறுநாள் காலையில் நாலைந்து இடங்களுக்குப் போன் அடித்து, இரண்டு பஸ் மாறிப் போனேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், பல்லைப் பார்த்தார். பல் நல்லவேளையாகப் பிழைத்திருந்தது. குடலின் அசைவு கிட்டத்தட்ட நின்றிருந்தது. தண்ணீர் இல்லாததால் புல்லை விட்டிருக்கிறது, புல்லை விட்டதால் குடல் நின்றிருக்கிறது, அதற்கு முன்பே திராட்சை வயிற்றைக் கெடுத்து வைத்திருக்கும் என்றார். பிறகு என்னிடம் கேள்வி கேட்டார். நேற்று எவ்வளவு தண்ணீர் குறைந்தது? புல் எவ்வளவு தின்றது? கடைசியாக எடை பார்த்தது எப்போது, எவ்வளவு?

நான் சொன்னதெல்லாம் ஒரே பதில். புல் வைத்தேன், தீவனம் வைத்தேன், தண்ணீர் வைத்தேன். அவர் பொறுமையாக மறுபடி கேட்டார். "நீங்க வச்சது சரி. அது எடுத்துக்கிட்டது எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை. தோழியிடம் கேட்டுத்தான் பழைய எடை 560 கிராம் என்று சொன்னேன். தராசில் 495 காட்டியது.

தோலுக்கடியில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றினார்கள். மருந்தும், நார்ச்சத்து மாவும், ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்து அனுப்பினார்கள். பில், என் மாத வாடகையில் பாதிக்கு மேல். தோழியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், திராட்சையையும் சேர்த்து. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

நான்கு நாள் இரவும் பகலும் சில மணிக்கு ஒருதரம் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, மாவைத் தண்ணீரில் கரைத்து, வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். வேகமாக அழுத்தினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். ஒரு வாய் விட்டு, மெல்லுகிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த வாய். வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே காலை ஆறரை. அம்மா காபி குடித்துக்கொண்டே வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் நாள் கேட்டாள்.

"நீ தண்ணி வச்சியா, காட்டினியா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"எப்படிடி ஒண்ணாகும்? தாத்தா எங்க யார்கிட்டயும் மாட்டுக்குத் தண்ணி வச்சியான்னு கேட்டதே இல்ல. காட்டினியான்னுதான் கேப்பார். தொட்டில கழனித் தண்ணிய ஊத்திட்டு ஓடி வந்தா அடி விழும். பக்கத்துல நிக்கணும். அது வாய் வச்சு உறிஞ்சற சத்தம் கேக்கணும். தொட்டில எவ்வளவு எறங்குச்சுன்னு வந்து சொல்லணும். மாடு தண்ணி குடிக்கலன்னா அன்னைக்கு வீட்ல ஒருத்தருக்கும் சோறு எறங்காது."

தண்ணி காட்டுறது. எத்தனையோ தரம் கேட்ட வார்த்தை. இதே வார்த்தைக்கு நம் ஊரில் இன்னொரு அர்த்தமும் உண்டு, கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நழுவுகிறவனை "தண்ணி காட்டிட்டான்" என்போம். அந்த மூன்று நாளும் பாட்டில் எனக்குக் காட்டியது அந்தத் தண்ணிதான்.

ஐந்தாம் நாள் பெப்பர் தானாகவே ஒரு புல்லை இழுத்துத் தின்றது. அதிகாலை மூன்று மணிக்கு அடித்தட்டில் புழுக்கை விழுகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்த ஒரே ஆள் அந்தத் தெருவில் நானாகத்தான் இருப்பேன்.

அன்றிலிருந்து ஒரு முறை வந்தது. தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பாட்டிலைக் கழற்றி, மார்க்கரால் போட்ட கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். பெப்பருக்கு நாளைக்கு முப்பது, நாற்பது மில்லி இறங்கும். பிறகு பிரஷ் விட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி மாட்டி, விரலால் குண்டை உருட்டிக் குமிழ் மேலே போவதைப் பார்ப்பேன். வாரம் ஒருதரம் குழாயை வினிகரில் ஊறவைத்து நன்றாக அலசுவேன். இரண்டாவது பாட்டில் ஒன்றும் வாங்கி மாட்டினேன், ஒன்று அடைத்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. பழைய புல்லை எடுத்துவிட்டு வாசனையான புதுப் புல் வைப்பேன். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து அதற்குள் உட்காரவைத்து எடையை நோட்டில் எழுதுவேன். 503. 511. 511. 520.

திராட்சை நின்றது. பெப்பர் பத்து நாள் எனக்கு முகமே கொடுக்கவில்லை. ஓடி வந்தது எனக்காக இல்லை என்பது உறுதியாகிவிட்டது. கடிப்பதற்கு மருந்தடிக்காத ஆப்பிள் மரக்குச்சி கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

ஜூலை மாதம் ஒருநாள், நான் இப்படி பாட்டிலைத் தூக்கிப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பெருமையாகச் சொன்னாள்.

"சிலிண்டர் போட்டு ஏழு மாசம் ஆச்சு தெரியுமா? இன்னும் வருது பாரு. உங்கப்பா இருக்கப்ப நாப்பது நாள் தாண்டாது."

வழக்கமாக "சூப்பர்ம்மா" என்று சொல்லியிருப்பேன். கையில் பாட்டில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தினமும் போன் பேசுகிறேன். தினமும் "சாப்டியாம்மா?" என்று கேட்கிறேன். தினமும் "ஆச்சு, ஆச்சு" என்கிறாள். மாதம் பிறந்தால் என்னால் முடிந்த பணத்தை அனுப்புகிறேன். அரிசி இருக்கிறதா, இருக்கிறது. மளிகை இருக்கிறதா, இருக்கிறது. எல்லாம் நிறைவாக இருக்கிறது. 14 கிலோ கேஸ் ஏழு மாதமாகத் தீரவில்லை.

"நேத்து என்ன சமைச்ச?"

"ஒருத்திக்கு என்னடி சமையல்? காலைல காபி, ரெண்டு ரஸ்க். மத்தியானம் மோர் சாதம்."

"சாதம் எப்ப வச்சது?"

பதில் வரவில்லை.

"ராத்திரி?"

"பசிக்கல. ஏன், போலீஸ் மாதிரி கேக்கற?"

அன்றைக்கே பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்து, அம்மாவை மருந்துக்கடை எடை மிஷினில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். 44 கிலோ. அப்பா இருந்தபோது 52. அம்மாவுக்கு வந்ததே கோபம். "நான் என்ன உன் எலியா? அக்கம்பக்கத்தாரை வச்சு என்னை எடை போடறியா?" என்று போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் எடுக்கவில்லை. அவள் கோபப்பட்டது நியாயம்தான். கூண்டிலிருக்கும் பிராணியை எடை போடலாம், பெற்றவளை அப்படி நோட்டில் எழுத முடியாது. ஆனால் "சாப்டியா" என்ற கேள்விக்கும் என்னால் திரும்பிப் போக முடியவில்லை. அந்தக் கேள்வியின் குண்டு எப்போதோ இறுகிவிட்டது.

மூன்றாம் நாள் போனை எடுத்தாள். நான் எடையைப் பற்றிப் பேசவில்லை. "பெப்பருக்குச் சாப்பாட்டு நேரம். நீயும் அடுப்புக்கிட்ட வா. எனக்கு வத்தக்குழம்பு சரியா வரல, எப்படின்னு காட்டு" என்றேன். பாதி பொய். அவளுக்கும் தெரிந்திருக்கும். முணுமுணுத்துக்கொண்டே போனைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்தாள். புளியைக் கரைத்தாள். அங்கே கடுகு வெடிக்கிற சத்தமும் இங்கே புல்லை அரைக்கிற சத்தமும் சேர்ந்து கேட்டன. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் போனை வைக்கவில்லை.

தினமும் அப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன். சில நாள் "இன்னைக்கு உடம்பு அசதி, விடுடி" என்பாள். சில நாள் எனக்கு வேலை. வாரத்தில் நான்கு நாளாவது நடந்தது. அதிகமாகச் செய்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அங்கிருந்து தோசை வர ஆரம்பித்தது.

ஆகஸ்ட் கடைசியில் தோழி திரும்பி வந்தாள். பெப்பர் 556 கிராம். அவளைப் பார்த்ததும் கம்பியருகே ஓடியது. என் நோட்டை அவளிடம் கொடுத்தேன், புரட்டிப் பார்த்துவிட்டு "இவ்வளவா?" என்றாள். இப்போதும் பாட்டில் வேலை என்னுடையதுதான், கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ரீல்ஸில் பார்த்துவிட்டு நம் ஊரிலும் சிலர் சின்சில்லா எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து ஆரம்பிக்கிறது. மன்னார்குடி மே மாதத்தில் ஒரு மத்தியானம் கரண்ட் போனால் போதும். ஆசையாக இருந்தால் பார்த்துக்கொண்டிருங்கள், வாங்காதீர்கள்.

அக்டோபரில் ஒருநாள் காலை அம்மா எரிச்சலோடு போன் செய்தாள்.

"பாதி சாம்பார்ல சிலிண்டர் தீந்துடுச்சுடி. போட்டு மூணு மாசம்கூட முழுசா ஆகல. என்ன கேஸ் குடுக்கறான் இவன், அளவு கொறைச்சுட்டான் போலருக்கு."

"இருக்கும்மா," என்றேன். "இன்னொண்ணு புக் பண்ணிடறேன்."